வானக் கப்பலைப் பற்றி எங்கள் முற்றம் சொன்னது

"அந்தக் கப்பல்ல பண்டாரி யாரு?"

அந்தத் தொடர்கதையைப் பற்றி எங்கள் முற்றத்தில் எழுந்த முதல் கருத்து இதுதான். கேட்டவள் பக்கத்து அறை மீன்காரி. பண்டாரி என்றால் கப்பலில் சோறாக்குகிறவர். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு, அப்படி ஒருத்தரைப் பற்றி எழுதினவர் ஒன்றுமே சொல்லவில்லை என்றேன்.

"சொல்லலியா? ஒரு வருசத்துக்குப் போறானாம். அரிசி ஏத்துனாங்களா, தண்ணி ஏத்துனாங்களா, ஒண்ணும் காணோம். நட்சத்திரத்தப் பாத்துகினே போனா வயிறு ரொம்பிடுமா? எழுதினவரு கப்பலையே பாத்தவரு இல்ல அண்ணி. வூட்ல எவளோ வேளாவேளைக்கு ஆக்கிப் போடுறா. அதான் அவருக்கு அந்த நெனப்பே வரல."

அந்தக் கதை இளவட்டங்களுக்காக ஒரு வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த விஞ்ஞானக் காதல் கதை. கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பையன். அடுத்த வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த ஒரு பெண். பையனுடைய மாமா வானத்தில் பறக்கிற கப்பல் ஒன்றைச் செய்கிறார். அதில் ஏறி ஒரு நட்சத்திரத்தின் உலகத்துக்குப் போய், ஒரே வருடத்தில் திரும்பிவிடுவதாகப் பையன் அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுக்கிறான். விஷயம் அவ்வளவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. இராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில் நாங்கள் இருந்தோம். ஒரே வாசலுக்குள் வரிசையாக ஒற்றை அறைகள், நடுவில் ஒரு முற்றம், மூலையில் கார்ப்பரேஷன் குழாய். மத்தியானத் தண்ணீரைப் பிடித்து முடித்ததும், ஆலைச் சங்கு ஊதுகிற வரைக்கும் பெண்களுக்குக் கொஞ்சம் பொழுது கிடைக்கும். யாராவது அரிசியில் கல் பொறுக்குவார்கள், யாராவது தலையை விரித்துப் போட்டு உட்காருவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சரக்கு வண்டிகளைக் கோக்கிற எஞ்சின் முன்னுக்குப் போகும், பின்னுக்கு வரும். "எதையோ மறந்து வெச்சிட்டுப் போறான், திரும்பி வந்து எடுத்துகினு போறான், அத்தயே மறுபடி மறந்துடறான்" என்பாள் மீன்காரி. அந்த எஞ்சினைப் பற்றி இதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வாசிக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்ததும் ஒரு தற்செயல்தான். ஊரில் நான் மூன்றாவது வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு எனக்குப் படிப்பித்தவை சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். பாட்டு எனக்குத் தலைகீழாகத் தெரியும். தெரிந்த பாட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு போனால் எழுத்துத் தானாக வாயில் வந்து உட்காரும். அப்படியே எழுத்தைப் பிடித்து, பிறகு பாட்டு இல்லாமலும் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் எதை வாசித்தாலும் ஒரு ராகம் ஒட்டிக்கொண்டே வரும். "அண்ணி தந்தி வந்தாலும் பாட்டாத்தான் படிக்கும்" என்று மீன்காரி கேலி செய்வாள்.

பத்திரிகை எங்களுடையது அல்ல. சந்து முனை மளிகைக் கடைக்கார அம்மாவுடையது. அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நானும் தூத்துக்குடிப் பக்கத்தவள் என்பதால் அவரை மதினி என்று கூப்பிடுவேன். மதினி எட்டாவது வரைக்கும் படித்தவர். வாசிக்க அவருக்கு என் உதவி தேவையே இல்லை. ஆனாலும் கடையில் வீட்டுக்காரரை உட்கார வைத்துவிட்டு, பத்திரிகையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் முற்றத்துக்கு வந்துவிடுவார். "தனியா வாசிச்சா ருசிக்க மாட்டேங்கு" என்பார். ஆனால் கேட்டு முடித்தபின் குறை சொல்லாமல் போகமாட்டார்.

பையனும் பெண்ணும் மொட்டைமாடியில் நிற்கிற அத்தியாயம் ஒன்று. அவன் போகப்போகிற நட்சத்திரத்தைக் காட்டி, "அது கண் சிமிட்டும்போதெல்லாம் நான் உன்னை அழைப்பதாக நினைத்துக்கொள்" என்கிறான். எதிர் அறை கிரேன்காரரின் மனைவி, முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தவள், "அக்கா, அந்த எடத்த இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"எல்லா நட்சத்திரமும் சிமிட்டிகினுதான் கீது" என்றாள் மீன்காரி. "இவ ராப்பூரா மேல பாத்து இன்னா, இன்னான்னு கேட்டுகினே நிப்பாளா? கழுத்து இன்னாத்துக்கு ஆவும்?"

மதினிக்கு வேறு கவலை. "பதினாறு வயசுப் பிள்ள பொழுதடைஞ்ச பொறவு ஒரு பயலோட மொட்டமாடியில நிக்கா. அவ அம்ம எங்க போனா? இந்தக் கதையில அம்மமாரே கெடையாதாட்டி?"

"அம்மாவ வெச்சா கப்பல் கெளம்புமா? அவ கரைலயே புடிச்சிக் கட்டிடுவா" என்றாள் மீன்காரி.

கிரேன்காரரும் கருத்துச் சொன்னார். ஆம்பிளை, முற்றத்தில் வந்து உட்காரமாட்டார். பெண்டாட்டி வழியாகச் சொல்லி அனுப்புவார். துறைமுகத்தில் பைலட் ஏறி வழி காட்டாமல் எந்தக் கப்பலும் உள்ளே வராதாம். அந்த நட்சத்திரத்துக்காரர்கள் பைலட்டை அனுப்பினார்களா, இல்லையென்றால் இவர்கள் எப்படித் தட்டாமல் மோதாமல் போய் இறங்கினார்கள் என்று கேட்டிருந்தார். எழுதினவர் வானத்தைப் பற்றி எழுதியிருந்தார். எங்கள் ஆட்களோ அதைத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து வெளியிலே நங்கூரம் போட வைத்துவிட்டார்கள். கப்பல் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டாரே, எங்கள் சந்துக்கு வேறு எப்படிப் புரியும்?

ஒரு வாரம் கப்பல் நெருப்புக் கல் மழையில் மாட்டிக்கொள்வதோடு அத்தியாயம் முடிந்துவிட்டது. கிரேன்காரர் மனைவி அம்மன் கோயிலுக்குத் தன் பிரசவத்துக்காக விளக்குப் போடப் போனவள், அந்தப் பையனுக்கும் சேர்த்து ஒன்று போட்டுவிட்டு வந்தாள். "கதையில உள்ளவனுக்கா வெளக்குப் போடுவாவ?" என்று மதினி சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் ஜெபத்துல அவன் மொகந்தான் வந்துது" என்றார்.

மீன்காரி சிரிக்கவில்லை. "அவனோட தட்டு எங்க கீது? அத்த யாரு பாத்துகினு கீறாங்கோ?" என்று கேட்டாள்.

அந்தத் தட்டு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கடலுக்குப் போனவர் சாப்பிடுகிற தட்டை, அவர் திரும்பி வருகிற வரைக்கும் கவிழ்க்கக் கூடாது. எங்கள் சந்தில் அப்படி ஒரு வழக்கம். தட்டைக் கவிழ்த்தால் படகு கவிழும் என்பார்கள். கழுவித் துடைத்து, முகம் மேலே பார்க்க அலமாரியில் வைத்துவிட வேண்டும். வேறு யாருக்கும் அதில் சோறு போடக் கூடாது. மீன்பிடிக்கப் போகிறவர்கள் சாயங்காலமே திரும்பிவிடுவதால் அவர்கள் வீட்டில் அது பெரிய பாரமில்லை. என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை பார்த்தவர். போனால் வருகிற நாள் அவருக்கே தெரியாது. கல்யாணமான பிறகு அவர் முதல் தடவை புறப்பட்ட அன்றைக்கு, இந்த வழக்கத்தை எனக்குச் சொன்னவள் மீன்காரிதான். அவள் அவரோடு அதே முற்றத்தில் புரண்டு வளர்ந்தவள். அவரை அண்ணாத்தே என்பாள். அதனால்தான் நான் அண்ணி. மாமனார், மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அந்த அறையில் நானும் அந்தத் தட்டும்தான்.

பினாங்கிலிருந்து அவர் வாங்கி வந்த எனாமல் தட்டு. வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு. மேலே பார்த்துக் கிடக்கிற தட்டில் என்ன விழும்? எங்கள் பக்கத்தில் கரித்தூள்தான் விழும். எஞ்சின் விடுகிற புகை, துறைமுகத்தில் குவித்திருக்கிற நிலக்கரி, இரண்டும் காற்றில் வந்து வெள்ளைத் தட்டில் படியும். காலையில் எழுந்ததும் அதைத் துடைப்பேன். அந்த முறை அவர் போய் ஒரு பொங்கல் முடிந்து மறு மழைக்காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. கடிதம் நின்று சில மாதங்கள் ஆகியிருந்தன.

மீன்காரி கேட்ட கேள்விக்குப் பதில் போல, அடுத்த வாரமே கதையில் ஒரு நாற்காலி வந்தது. பையன் அடுத்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் உட்காருகிற பிரம்பு நாற்காலி. அந்தப் பெண் அதை ஜன்னலோரத்தில் போட்டு, தினமும் துடைத்து, அதில் யாரையும் உட்காரவிடாமல் வைத்திருக்கிறாள். முற்றத்துக்கு ஒரே திருப்தி.

"பாத்தியா, எழுதினவருக்கு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்கோ" என்றாள் மீன்காரி. "அவங்கோ வூட்ல நாக்காலி, நம்ம வூட்ல தட்டு."

அதற்கடுத்து வந்த ஒரு நாளில் நான் கடற்கரைப் பக்கம் இருக்கிற கப்பல் ஏஜெண்டு ஆபீசுக்குப் போனேன். மீன்காரி துணைக்கு வந்து, கூடையோடு வெளியே நின்றாள். உள்ளே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார். "அவர் இப்ப கப்பல்ல இல்லம்மா. ஒரு துறைமுகத்துல கரைக்கு இறங்கினவர், கப்பல் புறப்படறப்ப ஏறலை. கப்பல் காத்திருந்து பார்த்துட்டுக் கிளம்பிடுச்சு. அவரோட துணிப் பையும் இல்லையாம், எடுத்துக்கிட்டுத்தான் இறங்கியிருக்கார். அதுக்கு மேல எங்களுக்குத் தெரியாது."

உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகலைம்மா. இறங்கிட்டார், அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் எனக்கு வந்ததில்லை, இன்றைக்கு வரைக்கும்.

திரும்பி நடந்து வரும்போது மீன்காரி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்திலேயே படித்துவிட்டாள் போலிருக்கிறது; எழுத்துத் தெரியாதவள். "வெயிலு இன்னா வெயிலு பாரு" என்று மட்டும் வழி நெடுக நாலைந்து தடவை சொன்னாள். முந்தானையை இழுத்து என் தலையிலே போட்டுவிட்டாள்.

மறு வெள்ளிக்கிழமைக்குள் முற்றம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி என்னிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. குழாயடியில் எனக்கு வழி விட்டார்கள். என் குடத்தை யாராவது முதலில் வைத்தார்கள். பேச்சில் துக்கம் விசாரிக்கிற சத்தம் வந்துவிட்டது. அப்படி விசாரிக்க அங்கே சாவு எதுவும் விழவில்லையே. எதைச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எதைக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் கதையில் வருகிற பையனைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னார்கள்.

அந்த வாரம் அவன் நட்சத்திர உலகத்தில் இறங்குகிறான். வெள்ளி நிறக் கண்கள் உள்ள ஒரு பெண் அவனுக்கு ஒரு பழத்தைத் தருகிறாள். அவன் வாங்கிச் சாப்பிடுகிறான்.

"துன்னாம இருந்திருக்கலாம்க்கா" என்றாள் கிரேன்காரர் மனைவி.

"அவன் எதுக்குத் திங்காம இருக்கான்? ஆம்பளப் பய" என்றார் மதினி. "இந்தப் பிள்ள இங்க நாக்காலியத் தொடச்சிட்டுக் கெடக்கா. அவளக் கூட்டிட்டுப் போயி அவ அம்ம வீட்ல விடச் சொல்லணும். அங்கன இருந்தா நாலு மொகத்தயாவது பாப்பா."

மீன்காரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "பசிச்சா துன்னுவான். துன்னது தப்பில்ல. வூட்டுக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பாதது தப்பு."

"அங்கே இருந்து எப்படிச் சொல்லி அனுப்புவான்?" என்று நான் கேட்டேன். "தபாலா இருக்கு, தந்தியா இருக்கு? எழுத உட்கார்ந்திருப்பான், முடியாமல் போயிருக்கும். எழுதத் தெரியாதவனா அவன்?"

என் குரல் தேவைக்கு மேலே ஏறிவிட்டது. எல்லாரும் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. "ஆமா அண்ணி, முடியாமக்கூட இருந்திருக்கும்" என்று மீன்காரி மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஊரிலிருந்து அண்ணன் கடிதம் போட்டிருந்தார். யார் மூலமாகவோ விஷயம் போயிருக்கிறது. அறையைக் காலி செய்துவிட்டு வந்துவிடு, இங்கே உனக்கு ஒரு மூலை இல்லாமலா போகும் என்று எழுதியிருந்தார். நல்ல அண்ணன். ஆனால் அறையைக் காலி செய்தால் மறுநாளே வேறு குடித்தனம் வந்துவிடும். அவர் ஒரு நாள் வந்து கதவைத் தட்டினால் யாரோ திறப்பார்கள். போகாமல் இருந்தாலோ, காலையில் எழுந்து தட்டைத் துடைக்க வேண்டும். அதற்கப்புறம் நாள் முழுக்க இருக்கிறது. போவதா, இருப்பதா? கதை முடியட்டும், அப்புறம் பதில் எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். இன்றைக்கு எழுதும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வேறு தவணை கிடைக்கவில்லை.

முடிவு அத்தியாயம் வந்த அன்று மதினி பத்திரிகையை முந்தானையிலிருந்து எடுக்கவே இல்லை. வழக்கமாக வாரக் கதையை எங்களோடுதான் கேட்பார், முன்கூட்டிப் பார்க்கமாட்டார். அன்றைக்குப் பார்த்துவிட்டார்.

"இன்னைக்கு வேண்டாம்ட்டி. வேற எதாவது பேசிட்டு இருப்போம்" என்றார்.

"ஏன் மதினி, செத்துட்டானா?"

"சாகலட்டி."

"அப்ப கொடுங்க."

வாங்கி வாசித்தேன். பையன் திரும்பி வருகிறான். அந்த உலகத்தில் காலம் வேறு மாதிரி ஓடுமாம். அவனுக்குப் போனது ஒரே வருடம்; இங்கே ஒரு ஆயுள் போய்விட்டது. அவன் போன அதே முகத்தோடு அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே தலை நரைத்த ஒரு கிழவி பிரம்பு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாளே என்று கேட்கிறான். கிழவி அவனைப் பார்க்கிறாள். அவள் எப்போதோ போய்விட்டாளே என்கிறாள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கிறாள். குடித்துவிட்டுப் போய்விடுகிறான். வானத்தில் நட்சத்திரம் சிமிட்டுகிறது.

குரல் உடையாமல் வாசித்து முடித்தேன். பழைய ராகம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பிடித்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் போய்விட்டேன். கிரேன்காரர் மனைவி அழுதுகொண்டிருந்தாள். மதினி பத்திரிகையை என் மடியிலிருந்து எடுத்து மடித்தார். "நான்தான் வேண்டாம்னேன்லா" என்றார்.

மீன்காரிக்கு மட்டும் ஏதோ கணக்கு இடித்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணி, அந்த நாக்காலி அத்தினி வருசமும் சும்மாவா கெடந்துச்சு?"

"ஆமா."

"ஒருத்தர்கூட உக்காரல?"

"உட்காரவிடலைன்னுதான் எழுதியிருக்கு."

"அந்தத் தெருவுல ஒரு கீரக்காரி வர்ல? ஒரு தபால்காரன் வர்ல? யப்பா, கால் வலிக்குதுன்னு ஒருத்தர்கூட வாசல்ல வந்து நிக்கலியா? உக்காருன்னு சொன்னா இன்னா கொறஞ்சிடும்? அவன் வந்தா, எந்திரின்னா எந்திரிக்க மாட்டாங்களா?"

 பிறகு மதினி, "இத எழுதிப் போடணும்ட்டி" என்றார். வாசகர் கருத்துகளைக் கார்டில் எழுதி அனுப்பும்படி பத்திரிகையில் கேட்டிருந்தார்கள்.

அன்றைக்கே எழுதினோம். நான் எழுதுகோலைப் பிடித்தேன், மூன்று பேர் பேசினார்கள். மீன்காரி சொன்னதை அப்படியே எழுத மதினி விடவில்லை. மரியாதையாக, ஆசிரியர் அவர்களுக்கு என்று ஆரம்பிக்க வைத்தார். பண்டாரியை விட்டுவிடாதே என்றாள் மீன்காரி. நட்சத்திரத்தில் பைலட் இல்லாததை எழுதாவிட்டால் வீட்டுக்காரர் வருத்தப்படுவார் என்றாள் கிரேன்காரர் மனைவி. அதை ஓரத்தில் செங்குத்தாக நுழைத்தேன். பெண்ணுக்கு அம்மா இல்லாத குறையைக் கடைசி வரியாக மதினி சேர்த்தார். நாற்காலிதான் நடுவில், பெரிய எழுத்தில் இருந்தது. என் கருத்து என்னவென்று கிரேன்காரர் மனைவி கேட்டாள். இடம் இல்லை என்றேன்.

சில வாரங்கள் கழித்து வாசகர் பக்கம் வந்தது. ஒரு கல்லூரி மாணவர், ஒளியின் வேகத்தைப் பற்றி ஆசிரியர் சொன்னதில் பிழை இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஒருவர் இரண்டாம் பாகம் கேட்டிருந்தார். வெளியூரிலிருந்து ஒரு பெண்மணி, அந்த நாற்காலியை ஆயுள் முழுக்க வெறுமையாக வைத்திருந்தாளே, அதுவல்லவா பெண்மை என்று எழுதியிருந்தார். அதைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் கார்டு இல்லை. மதினி பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கட்டம் கட்டியிருந்ததை மீன்காரி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அவங்கோ வூட்ல நாக்காலி நெறைய இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. அடுத்து வந்தது துப்பறியும் கதை. இரண்டு வாரம் வாசித்தேன். யாருக்கும் அதில் ஏதும் சொல்லத் தோன்றவில்லை. கிரேன்காரர் மனைவி பிரசவத்துக்காக வியாசர்பாடியில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனாள். மழை பிடித்ததும் மதினி கடையை விட்டு வருவதில்லை. மத்தியானத் தண்ணீரைப் பிடித்துவிட்டு அறைக்குள் போனால் மறுநாள் மத்தியானம்வரை நான் யாரோடும் பேசாத நாட்கள் உண்டு. அண்ணனுடைய கடிதம் பாட்டுப் புத்தகங்களுக்கு நடுவில் கிடந்தது. கதை முடிந்துவிட்டது. பதில் எழுதவில்லை. காலையில் தட்டைத் துடைத்தேன்.

ஒரு நாள் காலையிலிருந்தே பேய் மழை. துறைமுகத்தில் புயல் கொடி ஏற்றியிருந்தார்கள். மீன்பிடிக்க ஒருவரும் போகவில்லை. மத்தியானம் நான் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, வெறும் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மீன்காரி முற்றத்தைக் கடந்து ஓடினாள். அவள் அறைக் கூரை அடுப்பு மேலேயே ஒழுகும் என்பது எனக்குத் தெரியும். கூப்பிட்டேன்.

"வேணாம் அண்ணி, நீ துன்னு. நான் இப்பிடியே கொஞ்சம் நின்னுகிறேன்" என்று வாசற்படிக்கு உள்ளே நின்று புடவையைப் பிழிந்தாள். உதடு வெளுத்திருந்தது. கால் மாற்றி மாற்றி நின்றாள்.

பானையில் சோறு இருந்தது. கருவாட்டுக் குழம்பு இருந்தது. எனக்கு இருந்த ஒரே தட்டில் நான் கை வைத்துவிட்டேன். எழுந்து கையைக் கழுவினேன். அலமாரியிலிருந்து நீலக் கோடு போட்ட தட்டை எடுத்து, அன்றைய கரித்தூளைத் துடைத்து, சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன். அவள் முன்னால் வைத்தேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது அண்ணாத்தே தட்டு."

"ஆமா. வந்தா கழுவிக் கொடுக்கிறேன். உட்காரு."

ஈரத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.  அந்த அறையில் இரண்டு பேர் சாப்பிட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கூரைத் தண்ணீரில் கழுவினாள். உள்ளே வந்தாள். வீட்டிலே எந்தத் தட்டையும் எப்படி வைப்பாளோ அப்படியே, தண்ணீர் வடிய, அலமாரியில் அதைக் கவிழ்த்து வைத்தாள். வைத்த பிறகுதான் இருவரும் பார்த்தோம். அவள் கை படக்கென்று திரும்பிப் போனது.

"இருக்கட்டும். தண்ணி வடியட்டும்" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே வாசல் வரைக்கும் போய், வானத்தைப் பார்த்து, கூடையை எடுத்தாள்.

"கொழம்புல உப்பு கம்மி அண்ணி" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

சாயங்காலம் மழை விட்டதும் அண்ணனுக்குக் கார்டு எழுதினேன். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னும் நிறைய இடம் இருந்தது. ஏன் என்று எழுதிப் பார்க்கலாமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கவிழ்ந்திருந்த தட்டுக்குக் கீழே, அலமாரிப் பலகையின் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மேலும் ஒரு சொட்டு விழுமா என்று பார்த்தேன், விழவில்லை. அப்படியே முகவரியை எழுதி முடித்துவிட்டு, விளக்கை ஏற்றினேன்.